ஆறு ஞாயிறு, ஐந்து நாவல்

மே மாத வேலூர் வெயிலில் யாரையும் மொட்டைமாடிக்குக் கூப்பிட முடியாது. ராத்திரி எட்டு மணிக்கும் தரை சுடும். ஜூனில் ஒரு மழை விழுந்தபிறகு, சாயந்தரம் ஐந்தரைக்குப் பாய் விரித்து உட்காரலாம். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் அப்படித்தான் வாசிப்புக் கூட்டம் நடக்கிறது. ஒன்பது பேர், ஆறு ஞாயிறு, ஒரு நாவல். இந்த முறை எந்த நாவல் என்று முடிவு செய்யவே இரண்டு வாரம் பேசினோம். அந்தப் பேச்சை எழுதி வைக்கிறேன். உங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து படிக்கப் புத்தகம் தேடினால் பயன்படும்.

ஒன்பது பேருக்கும் ஒன்பது ருசி. பெரியம்மாவுக்கு வயது எழுபத்து மூன்று. கண்புரை ஆபரேஷன் ஆன பிறகும் சின்ன எழுத்து தெரியாது, யாராவது வாசித்தால்தான் கேட்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கை, நைட் ஷிப்ட் இடைவேளையில் போனில் காதல் தொடர்கதை படிக்கிறவள். காட்பாடியிலிருந்து வரும் இன்ஜினியரிங் தம்பிக்கு மாயமும் மந்திரமும் வேண்டும். வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற சாருக்கு ராஜா, கோட்டை, கல்வெட்டு. மேல்விஷாரத்திலிருந்து வரும் பாய் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் பேசுவது உருது, படிப்பது தமிழ். ஒடுகத்தூர் அண்ணன் பஸ் ஓட்டுகிறார், வீட்டில் ஆடு வளர்க்கிறார். மீதி மூன்று பேர், என்னையும் சேர்த்து, பள்ளிக்கூடத்துக்காரர்கள், எதைக் கொடுத்தாலும் படிப்போம்.

ஆகவே வரலாறு, காதல், கற்பனை உலகம் மூன்றிலிருந்தும் சமீபத்தில் நாங்கள் ரசித்த நாவல்களை எடுத்துப் போட்டுப் பார்ப்பது என்று தொடங்கினோம். பொன்னியின் செல்வனை யாரும் சொல்லவில்லை. வந்தியத்தேவன் நம்ம திருவல்லத்துக்காரன் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காட்பாடியில் ஏறி சென்னைக்குப் போகிறவர்கள் திருவலம் ஸ்டேஷனைத் தாண்டும்போது அந்தப் பேச்சு ஒருமுறையாவது வரும். எல்லோரும் படித்தாயிற்று. நான் கேட்டது 2000-க்குப் பிறகு வந்த நாவல்கள்.

தட்டில் ஐந்து விழுந்தன. சு. வெங்கடேசனின் வேள்பாரி, பெருமாள்முருகனின் பூக்குழி, அவருடைய பூனாச்சி, தமிழ்மகனின் படைவீடு, ஜெயமோகனின் குமரித்துறைவி. ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பக்கத்தை உரக்க வாசித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். பெரியம்மாவுக்காக ஆரம்பித்த வழக்கம் இது. இன்றைக்கு எங்களுக்கு இதைவிட நல்ல சோதனை தெரியாது. கண்ணுக்கு ஓடுகிற வாக்கியம் சில சமயம் வாயில் ஓடாது. அப்படி வாயில் ஓடாத புத்தகம் மூன்றாவது ஞாயிறு ஆளைக் குறைத்துவிடும்.

வேள்பாரியில் எங்களுக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. போன வருடம் அதைத்தான் எடுத்தோம், பாதியில் நின்றுவிட்டது. தப்பு புத்தகத்தினுடையது அல்ல, கணக்குப் போட்டது நான். இரண்டு பெரிய பாகம். ஆனந்த விகடனில் நூறு வாரத்துக்கு மேல் தொடராக வந்தது, மணியம் செல்வன் படங்களோடு. வாரா வாரம் வாசகரைக் கட்டி இழுத்துக்கொண்டு போக எழுதிய கதை அது. ஆறு ஞாயிறில் அடைக்கப் பார்த்தேன். நாலாவது ஞாயிறு சார் இரண்டாம் பாகத்தில் இருந்தார், தங்கை முதல் பாகத்தில் நூறாவது பக்கத்தில் இருந்தாள். ஒருவர் பேசினால் இன்னொருவருக்குக் கதை தெரிந்துவிடும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். வாசிப்புக் கூட்டத்துக்கு அதைவிடக் கெட்ட நிலைமை கிடையாது.

இருந்தாலும் தம்பி அதற்காக மறுபடியும் வாதாடினான். அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மாயக்கதை வேண்டும் என்று வந்தவன் அவன். கபிலர் நீலனோடு பறம்பு மலை ஏறத் தொடங்கியதும் அவனுக்கு அது கிடைத்துவிட்டது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு கதை, திசை காட்டுகிற தேவவாக்கு விலங்கு. புறநானூற்றுப் பாட்டில் நாலு வரியில் நிற்கிற பாரி, இங்கே ஒரு காட்டின் அறிவு முழுவதையும் கையில் வைத்திருக்கிற மனிதனாக வருகிறான். "இதுக்கு மேல இன்னாக்கா ஃபேண்டஸி?" என்றான் தம்பி. நானும் ஒத்துக்கொள்கிறேன். சரித்திரம் என்று அட்டையில் இருந்தாலும் மனசில் நிற்பது காடுதான். பாண்டிய நாட்டுக்கு மருமகளாகப் போகிற வணிகர் மகள் பொற்சுவையின் பகுதி தங்கைக்குப் பிடித்தது. வேண்டாத கல்யாணத்தில் ஒரு பெண் உள்ளுக்குள் எப்படி விலகி நிற்கிறாள் என்பதை அதில் பார்த்தேன் என்றாள்.

ஒருவர் தனியாக, லீவில், பிள்ளைகள் ஊருக்குப் போன பத்து நாளில் படிக்க வேண்டுமென்றால் நான் வேள்பாரியைத்தான் கையில் கொடுப்பேன். ஜவ்வாது மலைப் பக்கம் போய் வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போனால் சாமை கொல்லையைப் பார்க்கிற கண்ணே மாறும். கூட்டத்துக்கு மட்டும் அது ஆகாது. ஆறு மாதம் கூடுகிற கூட்டம் என்றால் வேறு பேச்சு.

பூக்குழியை வாசித்தது தங்கை. வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, புதுசாகக் கல்யாணம் ஆன இரண்டு பேர் ஊருக்குள் நடக்கிறார்கள். குமரேசன், சரோஜா. வேறு வேறு சாதி. அவன் அவள் ஊரில் சோடாக் கடையில் வேலை பார்த்தவன். அந்த நடையை வாசிக்கும்போதே மாடியில் பேச்சு நின்றுவிட்டது. ஊர் நெருங்க நெருங்கச் சரோஜாவின் கால் தயங்குவதும், அவன் எல்லாம் சரியாகிவிடும் என்று மறுபடி மறுபடி சொல்வதும். பத்தாவது பக்கத்தில் தங்கை நிறுத்தினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா மட்டும், "அந்தப் பொண்ண அவங்க ஆத்தா வீட்டுக்கு அனுப்பிடச் சொல்லு" என்றார், புத்தகத்தில் இருக்கிறவனிடம் சொல்வது போல.

2013-ல் வந்த நாவல். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது. சாதி மாறிக் கல்யாணம் செய்து, அதே வருடம் இறந்துபோன தர்மபுரிப் பையன் இளவரசனுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது. தர்மபுரி எங்களுக்குத் தூரத்து ஊர் கிடையாது. திருப்பத்தூர் தாண்டினால் அந்தப் பக்கம்தான். அதனால் இந்தக் கதையை வெறும் காதல் கதை என்று யாராலும் கேட்க முடியவில்லை.

தங்கையின் போனில் இருக்கிற காதல் தொடர்களைப் பற்றியும் அன்றைக்குப் பேச்சு வந்தது. பிரதிலிபி என்கிற கதை ஆப்பில் பெண்கள் எழுதுகிறார்கள், லட்சக்கணக்கான பெண்கள் படிக்கிறார்கள். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றவள், கடைசியில் இரண்டு பேர் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்த கதையைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவளே சொன்னாள்: "அதுல முடிவு தெரியும்க்கா, அதான் படிக்கிறேன். பூக்குழில முடிவு தெரியல, ஆனா பயம் தெரியுது." காதலுக்கு எது எதிரி என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம். தொடர்கதையில் எதிரி ஒரு தப்பான எண்ணம், ஒரு கோபக்கார மாமியார், ஒரு பழைய காதலி. பூக்குழியில் எதிரி ஒரு ஊர், பஞ்சாயத்து கூடி விலக்கி வைக்கிற ஊர். முதலாவதைப் பேசித் தீர்த்துவிடலாம்.

பூக்குழி சின்ன நாவல், ஆறு ஞாயிறே வேண்டாம், மூன்றே போதும். மொழி கொங்குப் பேச்சு, எங்களுக்குத் தடையே இல்லை. இலக்கியத் தரம் என்று மட்டும் பார்த்தால் ஐந்தில் நான் முதலில் வைப்பது இதைத்தான். ஆனாலும் ஒரு தயக்கம். எங்கள் கூட்டத்தில் ஒருவரின் வீட்டில் இப்படி ஒரு கல்யாணம் நடந்து, இன்னும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. சில புத்தகத்தைத் தனியாகப் படித்துத் தனியாக அழுவதே மரியாதை. பூக்குழியை வட்டத்துக்கு எடுக்கவில்லை, கைமாற்றாக விட்டோம். இப்போது மூன்றாவது ஆளிடம் இருக்கிறது.

பூனாச்சி வேறு தினுசு. 2016-ல் வந்தது. மனிதர்களைப் பற்றி எழுத அஞ்சுகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, ஆசிரியர் ஒரு வெள்ளாட்டின் கதையைச் சொல்கிறார். சாயங்காலம் மேட்டில் உட்கார்ந்திருக்கிற கிழவனிடம் ராட்சச உருவத்தில் ஒருவன் வந்து, ஈன்ற சூடு ஆறாத கறுப்புக் குட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரே ஈற்றில் ஏழு குட்டி, இது ஏழாவது. இதை வாசித்ததும் ஒடுகத்தூர் அண்ணன் சிரித்துவிட்டார். "ரெண்டு போடும், மிஞ்சிப்போனா மூணு. ஏழு ஏதுங்க?" அப்புறம் கிழவி அந்தக் குட்டியைப் பிழைக்க வைக்கப் படுகிற பாடு வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தன் கையை மடித்துக் காட்டி, தாயில்லாக் குட்டிக்கு எப்படிப் பால் ஊட்டுவது, வாயில் விரலை விட்டு முதலில் எப்படிச் சப்பப் பழக்குவது, பால் மூக்கில் ஏறினால் எப்படித் தலைகீழாகத் தூக்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நூறு கூட்டத்தில் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பார் அவர். அன்றைக்குக் கால் மணி நேரம் பேசினார். ஏழு குட்டியை மறந்தே போய்விட்டார்.

மாயக்கதை இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கண்ணுக்கு எதிரே இருக்கிற ஒரு சங்கதி அச்சுப் பிசகாமல் இருந்தால், பக்கத்தில் வைக்கிற பொய்யும் நிற்கும். நம்ம பக்கத்துக் கூத்திலும் அதுதானே நடக்கிறது? திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி வருகிறவர் பகலில் நிலத்தில் ஏர் பிடிக்கிறவர் என்று ஊருக்கே தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கர்ணன்தான். கற்பனை உலகம் தமிழனுக்குப் புதுசு இல்லை என்று தம்பிக்குச் சொன்னேன். டிராகன் இல்லாததற்கு அவன் வருத்தப்பட்டான். ஆனால் பூனாச்சியில் வருகிற அரசாங்கம் அவனைப் பிடித்துக்கொண்டது: எல்லா ஆட்டுக்கும் காது குத்திக் கணக்கு வைக்கிற அரசு, வரிசையில் நிற்கிற சனங்கள், இந்தக் குட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கிற அதிகாரி, கறுப்பாக இருப்பதே ஒரு சந்தேகமாகிவிடுகிற நிலைமை. அதற்குள்ளேயே பூனாச்சிக்கும் பூவன் என்கிற கிடாவுக்கும் ஒரு காதல் இருக்கிறது, பூக்குழிக்குக் குறையாத காதல். ஒரே புத்தகத்தில் மாயம், காதல், ஒரு காலத்தின் கதை மூன்றும். 2018-ல் ஜேசிபி இலக்கியப் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு இதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு போனபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்தப் பத்துப் பக்கத்துக்குப் பிறகு ஓட்டெடுப்பு வைத்திருந்தால் பூனாச்சிதான் ஜெயித்திருக்கும். நானும் அதற்கே கை தூக்கியிருப்பேன். பிறகு சார் பேசினார்.

படைவீட்டை முன்மொழிந்தவர் சார். சம்புவராயர்களின் கதை. எங்கள் ஊரிலிருந்து கண்ணமங்கலம் தாண்டி, சந்தவாசல் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற படவேடுதான் அந்தப் படைவீடு, ஒரு காலத்தில் அவர்களுடைய தலைநகரம். ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாளைக் கும்பிட வருகிற ஆயிரக்கணக்கான சனத்தில், தலைக்கு மேலே தெரிகிற மலையில் ஒரு அரசின் கோட்டை இருந்தது என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம்தான். ராஜகம்பீரன் மலை என்று பெயர். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது படவேடு திருவண்ணாமலைப் பக்கம் போனது. அதற்கு முன்னால் எங்கள் மாவட்டம்தான். சோழர்களுக்கு அடங்கிய சிற்றரசர்களாக இருந்த சம்புவராயர்கள், சோழரும் பாண்டியரும் சாய்ந்த பிறகு தனியாக நின்று ஆண்டவர்கள். வென்றுமண்கொண்டார் என்று ஒருவருக்குப் பட்டம், ராஜநாராயணர் என்று அவருக்குப் பின் வந்தவருக்கு. பள்ளிக்கூடப் பாடத்தில் இவர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். சேர, சோழ, பாண்டியரை விட்டால் நாவலாசிரியர்கள் பல்லவரிடம்தான் போவார்கள். நம்ம மண்ணின் அரசர்களுக்கு ஒரு முழு நாவல் கிடைத்ததே பெரிசு என்று சார் கண் கலங்கினார். நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் இந்த ஊர்களின் அடங்கலையும் பட்டாவையும் பார்த்தவர் அவர். நாவலில் ஒவ்வொரு ஊர்ப் பெயர் வரும்போதும் அவருக்கு ஒரு சர்வே நம்பர் ஞாபகம் வருகிறது.

கஷ்டமும் உண்டு. சம்புவராயர் பெயர்களும் பட்டங்களும் ஒன்றோடு ஒன்று குழம்பும். முதல் ஞாயிறே ஒரு தாளில் வம்சாவளியை எழுதி நடுவில் வைத்துவிட வேண்டும், அதைச் சார் ஏற்றுக்கொண்டார். வேள்பாரி போலக் காற்றாகவும் ஓடாது, பூக்குழி போல நெஞ்சில் குத்தவும் செய்யாது. நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம். தங்கைக்கு இதில் அவ்வளவாக விருப்பம் இல்லை.

குமரித்துறைவியைக் கொண்டுவந்தவள் தங்கை. 2021-ல் வந்த சின்ன நாவல். மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்த காலத்தில் மீனாட்சியைத் தெற்கே கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பக்கத்து வேணாட்டுக்குக் கொண்டுபோய் ஆரல்வாய்மொழியில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று ஒரு வழக்கு இருக்கிறது. 1371-ல் விஜயநகரத்துக் குமார கம்பணர் மதுரையைப் பிடித்த பிறகு அம்மன் ஊர் திரும்ப வேண்டும். இத்தனை வருடம் மகளாக இருந்தவளை வெறுங்கையோடு அனுப்புவதா? சொக்கநாதருக்குக் கல்யாணம் செய்து, சீர் கொடுத்துத்தான் அனுப்புவோம் என்கிறது வேணாடு. அந்தக் கல்யாண ஏற்பாடுதான் கதை. வில்லன் கிடையாது. பந்தல் போடுகிறவர், சமைக்கிறவர், பெண்ணைப் பிரியப்போகிற ஊர், எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஒருவன். கல்யாணப் பெண் ஒரு தெய்வம் என்பதால் இதை மாயக்கதை என்று சொல்வதா, கல்யாணக் கதை என்பதா, சரித்திரம் என்பதா, எனக்குத் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். தங்கை வாசிக்க வாசிக்கப் பெரியம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். "சீர் வரிசைய தட்டுல வெச்சி எண்ணும்போது தெரியாதுடி, வண்டி தெரு முனை திரும்பச்சொல்லதான் தெரியும்" என்றார்.

இந்த இடத்தில் பாய் ஒன்று சொன்னார். எங்கள் முடிவை மாற்றியது அந்த ஒரு வார்த்தைதான், அதனால் அதைச் சரியாக எழுத வேண்டும். குமரித்துறைவியின் பின்னணியில் சுல்தான்களோடு நடந்த போர் இருக்கிறது. அதைப் பற்றி மாடியில் யாருக்கும் பேச வாய் வரவில்லை, பாய் என்ன நினைப்பாரோ என்று. அவரே தொடங்கினார். "எனக்கு அதுல ஒண்ணும் இல்ல மேடம். பொண்ண அனுப்பற கதை எங்க வீட்லயும் இருக்கு. ஆனா சார் சொல்ற புக்க மொதல்ல படிச்சிட்டு இத படிச்சா நல்லாருக்கும். ரெண்டுலயும் அதே கம்பணர்தானே?"

அதே கம்பணர்தான். நான் அதுவரை இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. மதுரைக்குப் போவதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால், 1360-களின் தொடக்கத்தில், கம்பணர் படையோடு இறங்கியது எங்கள் பாலாற்றுக் கரையில். அவருடைய மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் பாடிய மதுரா விஜயம் என்கிற காவியம், அவர் விரிஞ்சிபுரத்தில் பாசறை போட்டதைச் சொல்கிறது. பெங்களூர் ரோட்டில் அரை மணி நேரத்தில் போய்விடுகிற நம்ம விரிஞ்சிபுரம். அங்கிருந்து போய்த்தான் ராஜகம்பீரன் மலைக் கோட்டையை முற்றுகை போட்டார். சம்புவராயரை ஒண்டிக்கு ஒண்டி நின்று கொன்றதாகக் கங்காதேவி பாடுகிறார். ஆனால் கம்பணரின் தளபதிகளில் ஒருவரான சாளுவ மங்குவுக்குச் சம்புவராயரை மறுபடி நிலைநிறுத்தியவர் என்று ஒரு பட்டம் இருக்கிறது. கொன்றார்களா, வென்று திரும்ப உட்கார வைத்தார்களா? நாவலாசிரியருக்கு இடம் கிடைப்பது இந்த மாதிரிச் சந்தில்தான். கங்காதேவியின் காவியம் 1916-ல் ஓலைச் சுவடியாகக் கிடைத்த ஊர் திருவனந்தபுரம் என்பதும், குமரித்துறைவியின் வேணாட்டை நினைக்கும்போது எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது.

ஆகவே ஒரே மனிதர், ஒரே பத்து வருடம், இரண்டு நாவல். மதுரைக்காரருக்கு அவர் அம்மனை வீடு திரும்ப வைத்தவர். படைவீட்டுக்காரருக்கு நம்ம அரசைச் சாய்த்தவர். சம்புவராயர் கதையை எழுதுகிறவர் கம்பணரைத் தாண்டிப் போக முடியாது, குமரித்துறைவியோ அவர் வெற்றியின் மறுநாள் காலையிலிருந்து தொடங்குகிறது. குமரித்துறைவியை மட்டும் படித்தால் அந்தப் போரை இரண்டு மதத்தின் சண்டை என்று ஒரு சின்னப் பையன் எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. படைவீட்டை முதலில் படித்தவன் அப்படி எடுக்க மாட்டான். கோயிலுக்குத் தானம் கொடுத்த தமிழ் அரசர் மீதும் அதே படைதான் வந்தது என்று அவனுக்குத் தெரியும். படைவீட்டை மட்டும் படித்தால் கம்பணர் மேல் கோபம் மட்டும் மிஞ்சும். பாய் சொன்ன வரிசையில் படித்தால் இரண்டு புத்தகமும் ஒன்றையொன்று திருத்தும். கூடிப் படிப்பது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம்.

விரிஞ்சிபுரம் என்றதும் சாருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. "திருவிரிஞ்சை மதிலழகு" என்று பழமொழி சொல்லிவிட்டு மதிலைப் பார்த்துத் திரும்பிவிடுகிறோம், அல்லது கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு சிம்ம தீர்த்தத்தில் பிள்ளை வரம் கேட்டு முழுக வருகிற கூட்டத்தைப் பார்க்கிறோம். உள்ளே சுவரில் 1425-ஐ ஒட்டிய ஒரு கல்வெட்டு இருக்கிறது, தேவராயர் காலத்தது. படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள், அதாவது கன்னடப் பிராமணர், தமிழ்ப் பிராமணர், தெலுங்குப் பிராமணர், இலாளர் என்கிற லாட தேசத்துப் பிராமணர் எல்லோரும் கூடி எழுதிக்கொண்ட ஒப்பந்தம்: இனிமேல் கல்யாணத்தைக் கன்னிகாதானமாகவே செய்வோம், பொன் வாங்கிப் பெண் கொடுத்தாலும், பொன் கொடுத்துப் பெண் எடுத்தாலும் அரச தண்டனை உண்டு, சாதியிலிருந்தும் விலக்கு உண்டு. சார் இதைச் சொல்லி முடித்ததும் தங்கை கேட்டாள்: "அப்ப பூக்குழில வர்ற ஊர் விலக்கு அன்னிக்கே கல்லுல எழுதி வெச்சதா சார்?" சார் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன் கேட்காதே என்கிற நல்ல விதியும், மீறினால் விலக்கு என்கிற கொடிய கையும் ஒரே கல்லில் இருக்கிறது. மகளுக்குச் சீர் கொடுத்து அனுப்புகிற வேணாட்டின் கதையையும், விலக்கி வைக்கப்பட்ட சரோஜாவின் கதையையும் படித்த கண்ணோடு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது.

இப்படித்தான் தீர்மானம் ஆனது. முதல் நாலு ஞாயிறு படைவீடு. வம்சாவளித் தாள் சார் பொறுப்பு. ஐந்தாவது ஞாயிறு மாடி கிடையாது. காலையில் விரிஞ்சிபுரம், மதியம் கண்ணமங்கலம் வழியாகப் படவேடு. ஒடுகத்தூர் அண்ணன் அன்றைக்கு லீவு போட்டு வேன் ஓட்டுகிறார். ஆறாவது ஞாயிறு குமரித்துறைவி, மதியம் மூன்று மணிக்கே ஹாலில் தொடங்கி, ஆளுக்குக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி உரக்க வாசித்து ராத்திரி சாப்பாட்டுக்குள் முடிப்பது. அன்றைக்கு மகள் கல்யாணச் சாப்பாடு போலவே இருக்க வேண்டும் என்று பெரியம்மா பாயசம் செய்கிறார், பாய் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா கொண்டுவருகிறார்.

பூனாச்சியை விட மனசில்லை. மார்கழியில் பனி இறங்கியதும் கூட்டம் மறுபடி கூடும்போது அதுதான் முதல். தம்பி அதற்குள் வேள்பாரி இரண்டாம் பாகத்தை முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

உங்கள் கூட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், ஆள் எத்தனை, நாள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். நாலு பேர், நாலு வாரம், வயது வித்தியாசம் அதிகம் என்றால் தயங்காமல் பூனாச்சி. எல்லோரும் முப்பதுக்குக் கீழே, மனசு விட்டுப் பேசுகிற நண்பர்கள் என்றால் பூக்குழி. வட ஆற்காட்டுக்காரர்கள் என்றால், சம்புவராயர்களிடமிருந்து தொடங்குங்கள், உடனே குமரித்துறைவிக்குப் போங்கள், நடுவில் வேறு புத்தகத்தை விடாதீர்கள். வேறு ஊர்க்காரர்கள் என்றால் குமரித்துறைவியை எடுத்துக்கொண்டு, அதன் காலத்தில் உங்கள் ஊரை யார் ஆண்டார்கள் என்று உங்கள் சாரைக் கேளுங்கள். எல்லா ஊரிலும் அப்படி ஒரு சார் இருப்பார்.

விரிஞ்சிபுரத்துச் சுவர் இருட்டு, எழுத்து தெரியாது என்று சார் சொன்னதால் பெரியம்மா தன் டார்ச்சைத் தேடி எடுத்து, புது செல் வாங்கிப் போட்டு வைத்திருக்கிறார். தனக்குக் கல்வெட்டு தெரியாவிட்டாலும் பிடித்துக்கொண்டாவது நிற்கிறேன் என்கிறார்.